நடுவில் ஒரு நல்ல நாள்

வேலாங்குளம், திருச்சுழி வழி
16.6.2024

லட்சுமிக்கு,

உன் தம்பி அழகுராஜாவைப் போன வாரம் அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். பார்க்காத மாதிரி நழுவப் போனான். கையைப் பிடித்து நிறுத்தி, "ஏலே, உங்கக்கா எங்கிட்டு இருக்கா, அத மட்டும் சொல்லிட்டுப் போ" என்றேன். மேகமலைக்கு மேலே காட்டுக்குள் ஒரு ஆராய்ச்சி முகாமில் இருக்கிறாய், அங்கே போன் எடுக்காது, எஸ்டேட் ஆபீஸுக்குக் கடிதம் போட்டால் வாரம் ஒருமுறை ஜீப்பில் வந்து சேரும் என்றான்.

அதோடு விட்டிருக்கலாம். காளான் எண்ணுகிற முகாம் என்றும் சொன்னான்.

நான் பஸ்ஸில் ஏறவில்லை. அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். உலகத்தில் உனக்கு வேறு வேலையே கிடைக்கவில்லையா? இங்கே கண்மாய்க் கரையில் ஒரு காளான் தலை நீட்டினால் நான் காலால் மிதித்துத் தேய்த்துவிட்டுத்தான் அந்தப் பக்கம் நகர்கிறேன். நீ போய் அதை எண்ணுகிறாய்.

நம் பிள்ளை ரேணு போனதற்கு நான்தான் காரணம் என்று ஊரே சொல்கிறது. அந்தக் காளானைப் புற்றிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்தது இந்தக் கைதான். நான் மறுக்கவில்லை. நீ மட்டும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. பதினாலு மாதம் சோற்றைப் போட்டு முன்னால் வைத்தாய், பேசாமல் எழுந்து போனாய், தை மாதம் ஒருநாள் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாய். நாலு அடி அடித்துவிட்டுப் போயிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

நிலத்தைத் தரிசாகப் போட்டுவிட்டேன். கருவேலம் வெட்டி மூட்டம் போட்டுக் கரியாக்கி விற்கிறேன். மூட்டத்துக்குப் பக்கத்தில் யாராவது எந்நேரமும் இருக்க வேண்டும். அதனால் வீட்டுக்குப் போகாமல் இருக்க ஒரு சாக்கு கிடைக்கிறது.

யாராவது உன்னைக் கேட்டால் என்ன சொல்லட்டும்? அதையாவது எழுது.

ஜெயபாண்டி


முகாம்
7.7.2024

ஜெயபாண்டி அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. யாராவது கேட்டால் வேலைக்குப் போயிருக்கிறாள் என்று சொல்லுங்கள். அது உண்மைதான்.

நான் எண்ணுவதற்கு வரவில்லை. சமைப்பதற்கு வந்தேன். ஆறு பேருக்குச் சமையல். எஸ்டேட்டில் வேலை பார்க்கும் என் சித்தி மகள் சொல்லி வந்தேன். எதைப் பற்றிய ஆராய்ச்சி என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஆள் இல்லாத இடம் என்றாள். அது போதுமாக இருந்தது.

வந்த மூன்றாம் நாள் அவர்கள் கூடைகளைக் கொண்டுவந்து அடுப்படி மேசையில் கொட்டினார்கள். அத்தனையும் காளான். நான் வெளியே ஓடிப்போய் வாந்தி எடுத்தேன். இங்கே தலைமையாக இருக்கும் பிருந்தா மேடம் மலைக்காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து இஞ்சித் தண்ணீர் போட்டுக் கொடுத்தார். வாங்கிக் குடித்தேன். மறுநாளே போய்விடலாம் என்று இருந்தேன். எங்கே போவது என்று தெரியவில்லை.

இது நம் ஊர் மாதிரியே இல்லை. வெயில் தரையில் விழுவதே இல்லை. மரம் முழுக்கப் பாசி, கல் முழுக்கப் பாசி. நடந்தால் காலில் அட்டை ஏறும். கறுப்பு மூஞ்சியைச் சுற்றி நரைத்த பிடரி வைத்த மந்திகள் மேலேயிருந்து பார்க்கும். மழை நிற்கிற நாள் என்று ஒன்று கிடையாது. விழுந்து கிடக்கும் ஒரே மரத்தில் பதினேழு வகைக் காளானை மேடம் காட்டினார். ஒன்று காது மாதிரி வழவழப்பு. ஒன்று குருவிக்கூடு மாதிரி, உள்ளே முட்டைகூட இருக்கிறது. ஒன்று வெள்ளை வலைப்பாவாடை கட்டி நிற்கிறது. நாற்றம் தாங்காது, ஈ மொய்க்கும். இவை இல்லாவிட்டால் விழுந்த மரம் விழுந்தபடியே கிடக்கும், மண்ணாகாது, அடுத்த மரம் முளைக்காது என்கிறார்.

இப்போது சமையல் முடிந்ததும் சீட்டு எழுதி ஒட்டிக் கொடுக்கிறேன். என் கையெழுத்து நன்றாக இருக்கிறதாம்.

எதை எப்படி அடையாளம் தெரிந்துகொள்வது என்று கற்றுக்கொள்கிறேன். ஏன் என்று கேட்காதீர்கள்.

முருகலட்சுமி


வேலாங்குளம்
4.8.2024

லட்சுமிக்கு,

இங்கே ஆடிக் காற்று மண்ணை வாரி வாயில் போடுகிறது. கண்மாயில் சொட்டுத் தண்ணீர் இல்லை. மழை நிற்காத ஊரில் நீ இருக்கிறாய் என்பதை நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

நம் தெருக் குருவம்மா நேற்று மூட்டத்துக்கே வந்துவிட்டாள். "ஏப்பா, எத்தன நாளைக்கு இப்பிடிக் கரியும் புகையுமா கெடப்ப? அவ வரமாட்டா. புள்ளயத் தின்னவன்கூட எந்தப் பொம்பள இருப்பா? வேற ஒண்ணப் பாத்துக் கட்டு" என்றாள். ஒரே மூச்சில் திட்டும் அக்கறையும். நான் சிரித்துவிட்டேன். அவள் பயந்து போய்விட்டாள்.

நீ ஏன் என்று கேட்காதே என்றாய். கேட்கவில்லை. ஆனால் அந்த மேடத்திடம் எனக்காக ஒன்று கேள். புற்றுக்காளான் குழம்பை நாம் மூன்று பேரும்தான் சாப்பிட்டோம். நான் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன். எனக்கு ஒரு வயிற்றுவலிகூட இல்லை. உனக்கும் இல்லை. சின்ன உடம்பு, தாங்கவில்லை என்று எல்லாரும் சொன்னார்கள். அது சரிதானா?

இன்னொன்றும் இருக்கிறது. எழுதலாமா என்று இரண்டு நாளாக யோசித்தேன். செவ்வாய்க்கிழமை நான் மதுரைக்குக் கொண்டுபோவோம் என்றேன். "வாந்தி நின்னு போச்சு, வெளையாடுறா பாருங்க, எதுக்கு அலைக்கழிக்கணும்" என்று நீ சொன்னாய். அன்றைக்கே போயிருந்தால்? உன்னைக் குற்றம் சொல்லவில்லை. குற்றம் என்னுடையது. ஆனாலும் அந்தச் செவ்வாய்க்கிழமை என் தலைக்குள்ளேயே நிற்கிறது.

ஜெயபாண்டி


முகாம்
25.8.2024

மாமா,

குற்றம் சொல்லவில்லை என்று எழுதியே சொல்லிவிட்டீர்கள். பரவாயில்லை. உங்களுக்கு அந்த உரிமை இருக்கிறது.

கடிதத்தை நாலு நாள் மடியிலேயே வைத்திருந்தேன். பிறகு மேடத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஞாயிறு மத்தியானம் சாப்பிட்டது, திங்கள் விடியலில் வாந்தியும் பேதியும் ஆனது, டவுனில் குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டு வந்தது, செவ்வாய் அவள் எழுந்து நொண்டி விளையாடியது, புதன் கண் மஞ்சளானது, வெள்ளி. மேடம் நாற்காலியை விட்டு இறங்கி என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

கொல்லுகிற காளானில் ஒரு வகை உடனே காட்டாது. சாப்பிட்டு ஆறு மணி நேரத்துக்கு மேல், பத்து பன்னிரண்டு மணி நேரம்கூடக் கழித்துத்தான் வாந்தியும் பேதியும் தொடங்கும். பிறகு நின்றுவிடும். ஒரு நாள் முழுக்க உடம்பு சரியாகிவிட்ட மாதிரி இருக்கும். சாப்பிடுவார்கள், விளையாடுவார்கள். அந்த நாளில்தான் விஷம் உள்ளே ஈரலைத் தின்றுகொண்டிருக்கும். மூன்றாம் நாள் மஞ்சள் தெரியும்போது பெரும்பாலும் கை மீறிப் போயிருக்கும். உடனே வந்த வாந்தி அல்ல, தாமதமாக வந்த வாந்திக்குத்தான் பயப்பட வேண்டும். நின்றுவிட்டாலும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயே தீர வேண்டும். மீதிக் காளான் இருந்தால் காகிதத்தில் சுற்றிக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும்.

செவ்வாய்க்கிழமை அவள் சிரித்ததைப் பார்த்து எந்தத் தாயும் நான் சொன்னதைத்தான் சொல்லியிருப்பாள் என்றார் மேடம். அவர் சொன்னார். நான் கேட்டுக்கொண்டேன்.

சின்ன உடம்பு என்பதால்தானா என்று கேட்டீர்கள். அதற்கு இப்போது பதில் சொல்ல முடியாது. ஒரு காரியம் செய்யுங்கள். ஐப்பசி மழை விழுந்ததும் அதே புற்றுக்குப் போங்கள். அதே காளான் முளைத்திருந்தால் வேரோடு தோண்டி எடுங்கள். ஒன்றின் குடையை மட்டும் நறுக்கி, வரிவரியாக இருக்கும் அடிப்பக்கத்தை வெள்ளைக் காகிதத்தில் கவிழ்த்து, மேலே கிண்ணத்தால் மூடி ஒரு நாள் வையுங்கள். பொடி உதிர்ந்து காகிதத்தில் கறை விழும். அந்தக் காகிதத்தையும், இன்னொன்றை முழுசாகக் காய வைத்தும் எனக்கு அனுப்புங்கள். தொட்டால் ஒன்றும் ஆகாது. வாயில் மட்டும் வைக்கக் கூடாது.

உங்களால் முடியாது என்று தெரியும். ஆனாலும் கேட்கிறேன்.

லட்சுமி


வேலாங்குளம்
20.10.2024

லட்சுமிக்கு,

முடியாது என்று எழுதி இரண்டு கடிதத்தைக் கிழித்துப் போட்டேன்.

புதன்கிழமை இடியோடு மழை. மூட்டத்தைச் சுற்றித் தண்ணீர் நின்று பாதி வீணாய்ப் போனது. வெள்ளிக்கிழமை ஆட்டுக்குக் கொழை ஒடிக்கப் போகிற மாதிரி கண்மாய்க் கரைக்குப் போனேன். எனக்கு நானே அப்படிச் சொல்லிக்கொண்டு போனேன். அந்தப் புற்றில் முப்பது நாற்பது நின்றது. மழை பெய்து கழுவின மாதிரி வெள்ளையாக. அழகாகத்தான் இருந்தது, என்ன செய்வது.

மிதிக்கக் காலைத் தூக்கிவிட்டேன். பிறகு உட்கார்ந்து தோண்டினேன். தண்டு ஒரு முழத்துக்குக் கீழே போனது. தோண்டுகையில் மூன்று உடைந்தது.

வீட்டில்தான் கவிழ்த்து வைத்தேன். நீ போன பிறகு அன்றைக்குத்தான் உள்ளே உட்கார்ந்தேன். மறுநாள் கிண்ணத்தை எடுத்தால், குடையின் அச்சு அப்படியே விழுந்திருந்தது. வரி வரியாக, லேசான ரோஸ் நிறத்தில். ரேணுவின் பவுடர் டப்பா கொட்டின மாதிரி. காகிதத்தைப் பிளாஸ்டிக் கவரில் வைத்து ஒட்டியிருக்கிறேன். காய்ந்ததும் கூடவே இருக்கிறது.

இது என்ன சொல்கிறது? எதுவாக இருந்தாலும் மறைக்காமல் எழுது. உன் வாயிலிருந்து வர வேண்டும்.

ஜெயபாண்டி


முகாம்
31.10.2024

மாமா,

நீங்கள் அனுப்பியது நல்ல காளான். பொடியின் நிறத்தை மட்டும் வைத்துச் சொல்லக் கூடாது என்று மேடம் தண்டையும் வேரையும் பார்த்தார், கருவியில் வைத்தும் பார்த்தார். கரையான் புற்றில் மட்டும் வளர்கிற வகை. நீங்கள் பிடுங்கிய கையில் ஒரு தப்பும் இல்லை.

எனக்கு இது முன்பே தெரியும். தெரியும் என்றால், உறுதியாகத் தெரியாது. ஆனால் தெரியும். காகிதம் வேறு மாதிரி ஏதாவது சொல்லிவிடாதா என்றுதான் உங்களை அங்கே அனுப்பினேன். அதையும் ஒத்துக்கொள்கிறேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நீங்கள் காளானைக் கொடுத்துவிட்டுக் குளிக்கப் போனீர்கள். நான் ஆய்ந்துகொண்டிருந்தேன். ரேணு ஓடிவந்தாள். பின்னால் குப்பைக் கிடங்கு ஓரத்திலிருந்து இரண்டு பிடுங்கிக்கொண்டு வந்திருந்தாள். சின்னது, வெள்ளைக் குடையில் பழுப்புச் செதில். "யம்மா, அப்பா காளான் அப்பாவுக்கு. இது என் காளான். எனக்கு மட்டும் தனியா வதக்கிக் குடு" என்றாள். கழுவி, தாளிக்கிற கரண்டியில் நல்லெண்ணெய் விட்டு வதக்கிக் கொடுத்தேன். உப்புப் பார்க்கக்கூட நான் வாயில் வைக்கவில்லை. அவள் இரண்டையும் தின்றுவிட்டுக் கையை நக்கினாள்.

ஆஸ்பத்திரியில் என்ன சாப்பிட்டாள் என்று கேட்டார்கள். நான் வாயைத் திறப்பதற்குள், "நான் கொண்டாந்த காளான் சார்" என்று நீங்கள் சொல்லிவிட்டீர்கள். நான் தலையை ஆட்டினேன். அந்தத் தலையாட்டலைத் திரும்ப எடுக்க எனக்குத் தைரியம் வரவில்லை. ஊர் உங்களைச் சொன்னது. நீங்களும் உங்களையே சொன்னீர்கள். சோற்றில் கை வைத்துவிட்டு எழுந்து போவீர்கள். நான் பார்த்துக்கொண்டு இருந்தேன். உங்கள்மேல் கோபம் என்று நினைத்தீர்கள். எனக்குக் கோபமே இல்லை மாமா. உங்கள் முகத்தைப் பார்க்கப் பயந்துதான் கிளம்பினேன்.

இங்கே அந்தச் சின்னக் காளானின் விஷச் சொந்தங்கள் ஒரு பெட்டியில் காய்ந்து கிடக்கின்றன. சீட்டு எழுதி ஒட்டியது நான்.

பதில் எழுத முடியாவிட்டால் வேண்டாம்.

லட்சுமி


முகாம்
17.11.2024

மாமா,

ஜீப் இரண்டு தடவை வந்து போய்விட்டது. மற்றவர்களுக்கெல்லாம் கடிதம் இருந்தது. மழையில் எஸ்டேட் பாதை சரிந்ததால் தாமதமாகியிருக்கும் என்று மேடம் சொல்கிறார். அப்படி இல்லை என்று அவருக்கும் தெரியும்.

இதுவரை இருநூற்றுப் பன்னிரண்டு வகை எண்ணியிருக்கிறோம். மற்றவர்கள் பொங்கலுக்கு ஊருக்குப் போகிறார்கள். நான் முகாமைப் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

உயிரோடு இருக்கிறீர்களா என்று மட்டும் ஒரு கார்டு போடுங்கள்.

லட்சுமி


வேலாங்குளம்
8.12.2024

லட்சுமிக்கு,

இருக்கிறேன்.

உன் கடிதத்தை மூட்டத்துக்குப் பக்கத்தில் வைத்துப் படித்தேன். உள்ளே போட்டுவிட ஒரு கை தூரம்தான். போடவில்லை. ஆனால் அன்றைக்கு நீ எதிரில் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. அவள் தின்றதற்காக இல்லை. பிள்ளை ஆசையாகக் கேட்டால் நானும் வதக்கித்தான் கொடுத்திருப்பேன். நான் கருகிக்கொண்டு இருந்ததைப் பதினாலு மாதம் பார்த்துக்கொண்டு இருந்தாயே, அதற்காக. எழுத உட்கார்ந்தால் கெட்ட வார்த்தையாக வந்தது. அதனால் எழுதவில்லை.

இப்போது எழுதுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது.

நம் கண்மாய்க் கரைக்குக் கரி மூட்டம் போட நரிக்குடிப் பக்கமிருந்து ஒரு குடும்பம் வந்திருக்கிறது. மதன்குமார், அவன் பெண்டாட்டி மாரீஸ்வரி, நாலு வயசில் ஒரு பெண் குழந்தை. போன மாதம் 26-ம் தேதி, செவ்வாய்க்கிழமை, தீப்பெட்டி வாங்க அவர்கள் குடிசைக்குப் போனேன். மாரீஸ்வரி சோர்ந்து உட்கார்ந்திருந்தாள். "நேத்து மூணு பேருக்கும் வாந்தி பேதிண்ணே, உசுரே போச்சு. இப்பச் சரியாயிருச்சு" என்றாள். குழந்தை மண்ணில் விளையாடிக்கொண்டிருந்தது. என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டேன். "ஞாயித்துக்கெழம காளான் வதக்குனோம்."

"சாப்புட்டது எப்ப, வாந்தி வந்தது எப்ப?"

"சாப்புட்டது மத்தியானம். விடியக்காலைலதான் வந்துச்சு."

உன் ஆகஸ்ட் கடிதம் சட்டைப் பையில்தான் இருந்தது, அதை எப்போதும் வைத்திருக்கிறேன். மதன்குமாரிடம் மதுரைக்குக் கிளம்பச் சொன்னேன். அவன் சிரித்தான். "நல்லா இருக்கைல எதுக்குண்ணே ஆஸ்பத்திரி? பாருங்க, வெளையாடுது" என்றான்.

அதே வார்த்தை. நான் கத்திவிட்டேன். "எம் மகளும் இப்பிடித்தான்டா வெளையாண்டா!"

சத்தம் கேட்டுக் குருவம்மா வந்தாள். "இவன் புள்ளயப் பறிகுடுத்த கிறுக்கு, இவன் பேச்சக் கேக்காத" என்று அவனிடம் சொன்னாள். மண்ணில் கிடந்த குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு ரோட்டைப் பார்த்து நடந்தேன். பிள்ளையைக் கொண்டுபோகிறான் என்று இரண்டு பேரும் அழுதுகொண்டே பின்னால் ஓடி வந்தார்கள். மதன்குமார் முதுகில் இரண்டு குத்துவிட்டான். நல்ல குத்து. மாரீஸ்வரி கொடியில் காயப் போட்டிருந்த மீதிக் காளானை மட்டும் எடுத்து வரச் சொன்னேன், எடுத்து வந்தாள். பந்தல்குடிக்குக் கரி லோடு ஏற்றப் போன வண்டியை மறித்து ஏற்றினேன். அங்கிருந்து மதுரை.

டாக்டரம்மாவிடம் எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. உன் கடிதத்தைக் கையில் கொடுத்தேன். நின்றுகொண்டே படித்தார். காளானை வாங்கிப் பார்த்தார். பிறகு எல்லாரும் ஓட ஆரம்பித்தார்கள். பெரியவர்கள் இரண்டு பேரும் நாலாம் நாள் எழுந்துவிட்டார்கள். குழந்தைக்குத்தான் புதன்கிழமை கண் மஞ்சளாகிவிட்டது. அதே மஞ்சள். நான் அந்த வார்டு வாசலை விட்டு நகரவில்லை. பத்து நாள் இருந்தது. வெள்ளிக்கிழமை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டோம். பஸ்ஸில் என் மடியில் உட்கார்ந்து முறுக்குத் தின்றுகொண்டே வந்தது. மருந்து ஏற்கெனவே உள்ளே போயிருந்ததால்தான் ஈரல் தாங்கியது, ஒரு நாள் பிந்தியிருந்தால் சொல்ல முடியாது என்றார் டாக்டரம்மா.

"ஒங்களுக்கு எப்பிடிண்ணே தெரிஞ்சுச்சு?" என்று மாரீஸ்வரி கேட்டாள். என் பெண்டாட்டி எழுதினாள் என்றேன்.

கோபம் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். இருக்கிறது. அது பாட்டுக்கு இருக்கட்டும். நீ எழுதிய விஷயத்தை ஊரில் யாரிடமும் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். என்னைச் சொல்லிப் பழகிவிட்டார்கள். எனக்கும் கேட்டுப் பழகிவிட்டது. உன்னையும் சேர்த்துப் பேச வைக்க எனக்கு விருப்பமில்லை.

குளிர் அதிகமா அங்கே?

ஜெயபாண்டி


முகாம்
15.12.2024

மாமா,

மேடத்திடம் உங்கள் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். பாதிக்கு மேல் அவரே வாங்கிப் படித்தார்.

அந்தப் பிள்ளையின் பெயரை எழுதவே இல்லையே நீங்கள்.

குளிர் அதிகம்தான். விரல் மடங்கவில்லை. சுருக்கமாக எழுதுகிறேன். வருகிற வெள்ளிக்கிழமை மதியம் அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி பஸ்ஸில் வந்து இறங்குவேன். எதிர்கொண்டு அழைக்க வர வேண்டாம். எத்தனை நாள் இருப்பேன் என்று இப்போது சொல்ல மாட்டேன். நீங்களும் சொல்ல வேண்டாம்.

நேராக வீட்டுக்கு வர மாட்டேன். முதலில் குருவம்மா வீட்டு வாசலுக்குப் போவேன். தெருவில் நாலு பேர் கூடுகிறவரைக்கும் நிற்பேன். அவர் பிடுங்கி வந்தது நல்ல காளான், என் பிள்ளை பிடுங்கி வந்தது வேறு காளான், அதைத் தனியாக வதக்கிக் கொடுத்தது நான்தான் என்று எல்லார் காதிலும் விழுகிற மாதிரி சொல்வேன். அவர்கள் என்ன சொல்ல வேண்டுமோ சொல்லட்டும். முழுசாக நின்று கேட்டுவிட்டுத்தான் நகர்வேன்.

அதற்குப் பிறகு நம் வீட்டுக்கு நடந்து வருவேன். நீங்கள் மூட்டத்தில் இருந்தால் வெளியே உட்கார்ந்து காத்திருக்கிறேன்.

லட்சுமி